உப்புத் தண்ணீரும் ஒழுக்கப் பரீட்சையும்

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த இடத்தில் எந்த ‘ற’ வரும் என்பது இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். பிழைகளை வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆட்களோடு அதிகம் பேசிப் பழகாதவன். பேச வேண்டிய இடத்தில் பேசாமல் வந்துவிட்டு, ஒரு வருடமாகியும் ஆறாத கோபத்தோடு இருப்பதால் எழுதுகிறேன்.

நெடுந்தீவில் தண்ணீர் இழுப்பது என் தொழில். லான்ட்மாஸ்டர் என்ற இரண்டு சக்கர உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தாங்கியை ஏற்றி வைத்திருக்கிறேன். கடல் தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் நிலையத்தில் நிரப்பிக் கேட்கிறவர்களுக்குக் கொண்டுபோய் இறக்குவேன். எங்கள் கிணறுகளில் பல உவர். குளிக்கலாம், பாத்திரம் கழுவலாம். வாயில் வைக்க முடியாது.

எனக்கு ஒரே மகள். பொறியியல் படித்துப் பட்டம் வாங்கி, கட்டட வேலைகளைக் கண்காணிக்கும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தாள். எங்கள் தீவில் ஒரு தாய்சேய் நிலையம் கட்டத் தொடங்கியபோது அவளை இங்கேயே அனுப்பினார்கள். ஊர்ப்பிள்ளை என்ற அன்பினால் அல்ல. படகேறி வந்து, காற்றடித்தால் திரும்பிப் போக முடியாமல், இங்கே தங்கி வேலை பார்க்க வேறு எவரும் சம்மதிக்கவில்லை.

பட்டம் மட்டும் போதாதாம். சில வருடம் வேலை பழகி, பரீட்சை எழுதி, பதிவு பெற வேண்டும். பதிவு இல்லாதவர் வரைபடத்தில் கையொப்பம் வைக்க ஏலாது. காலம் முழுக்க இன்னொருவருக்குக் கீழே உதவியாளர்தான். அந்தப் பரீட்சையில் ஒரு பாடம் தொழில் ஒழுக்கமும் சட்டமும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு குசினிக் கதிரையில் இருந்து அவள் அதைப் படிப்பாள். எங்களுக்கும் விளங்கட்டும் என்று தமிழில் சொல்லிக் காட்டுவாள்.

“இதுக்கும் ஒரு பரீட்சையோ?” என்றாள் என் மனைவி. “ஒழுங்கான வீட்டில பிறந்தால் காணாதே?”

“ஒழுங்கான வீட்டுக்காரரும்தான் அம்மா களவு செய்யினம்.”

“ஆரைச் சொல்லுறாய்?”

“உங்கட தம்பியைச் சொல்லேல்லை. பயப்பிடாதேங்கோ.”

மனைவியின் தம்பியும் என்னைப் போலத் தண்ணீர் வண்டி வைத்திருக்கிறார். அவரது தாங்கி எப்போதும் வாய்க்குக் கொஞ்சம் கீழேதான் நிரம்பியிருக்கும். நாங்கள் மூவரும் சிரித்தோம்.

அந்தப் பாடத்தின் முதலாவது விதி எனக்கு மனப்பாடமாகிவிட்டது. மக்களின் பாதுகாப்புத்தான் எல்லாவற்றுக்கும் முதல். சம்பளம் தருகிறவனுக்கும் மேலாக அதுதான். நல்ல விதி, யாரோ மனச்சாட்சியுள்ள மனிதர் எழுதியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வேலைக்கு நான்தான் தண்ணீர் இழுத்தேன். கொந்தராத்துக்காரர் யாழ்ப்பாணத்தில் இருப்பவர். அவருடைய மேற்பார்வையாளர் ஒருவர் இங்கே தங்கி நின்று வேலை செய்வித்தார். கொங்கிரீட்டுக்கு நல்ல தண்ணீர்தான் பாவிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. நிலையத்துக்குப் போய்வரத் தூரம், ஆகவே ஓட்டக்கூலியும் கூட.

கூரைக்குக் கொங்கிரீட் போடும் நாள் சோளகக் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. காலைப் படகுக்குப் பிறகு மற்றப் படகுகள் நின்றுவிட்டன. நான் லான்ட்மாஸ்டரைத் திருப்பும்போது மேற்பார்வையாளர் கைகாட்டி மறித்தார்.

“அண்ணை, அவ்வளவு தூரம் ஓடாதேங்கோ. உந்தப் பக்கத்துக் கிணத்தில நிரப்பிக்கொண்டு வாங்கோ.”

“அது உவரல்லோ?”

“சீமெந்து என்ன மீன்கறியே, உப்புப் பாக்கிறதுக்கு?”

கலவை இயந்திரத்தடியில் நின்ற பெடியங்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை. போய் அந்தக் கிணற்றிலேயே நிரப்பினேன். ஆனால் திரும்பி வரும்போது, கம்பிகளுக்கிடையில் குனிந்து ஏதோ அளந்துகொண்டிருந்த மகளுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, “இது கிணத்துத் தண்ணி பிள்ளை” என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது.

அவள் வந்து குழாயைத் திறந்து, கையில் ஏந்தி, வாயில் வைத்துத் துப்பினாள். மேற்பார்வையாளரிடம் போய் வேலையை நிறுத்தச் சொன்னாள். அவர் கொந்தராத்துக்காரருக்குத் தொலைபேசி எடுத்து அவளிடம் கொடுத்தார். “போட்டு முடியுங்கோ பிள்ளை, நாளைக்குக் கதைப்பம்” என்று அவர் சொல்லியது எனக்கே கேட்டது. தன் நிறுவனத்துப் பெரியவருக்கு அவள் திரும்பத் திரும்பத் தொலைபேசி எடுத்தாள். மணி போனது, எடுக்க ஆளில்லை. அதற்குள் இயந்திரத்தைச் சுழல விட்டுவிட்டார்கள். நாளைக்குக் கதைப்பதற்கு என்ன இருக்கும்? கொங்கிரீட் ஒருமுறை இறுகினால் இறுகியதுதான்.

மகள் என் தாங்கியின் அடிக்குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள். தண்ணீர் முழுவதும் நிலத்தில் ஓடியது.

அன்று பிள்ளைகளுக்கு ஊசி போடும் நாள். பக்கத்திலிருந்த பழைய கட்டடத்தில் காத்திருந்த தாய்மார் சத்தம் கேட்டு வெளியே வந்தார்கள். தண்ணீர் ஓடுவதைக் கண்டதும் ஒரு பெண் பாய்ந்தாள்.

“எங்களுக்குக் குடிக்க இல்லை, நீங்கள் நிலத்துக்கு வாக்கிறியளோ?”

“இது குடிக்கிற தண்ணி இல்லை அக்கா. உப்புத் தண்ணி.”

“பிறகென்ன? அதிலயே குழையுங்கோவன். நல்ல தண்ணியைக் கொண்டுவந்து கூரையில ஊத்தப் போறியளே?”

“உப்புத் தண்ணியில குழைச்சால் உள்ளுக்குக் கம்பி துருப்பிடிக்கும். கொஞ்சக் காலத்தில மேலயிருந்து உதிரும். கீழ இருக்கப்போறது நீங்களும் உங்கட பிள்ளையும்தான்.”

அந்தப் பெண் மகளைப் பார்த்தாள், மேலே கட்டியிருந்த கம்பியைப் பார்த்தாள். பிறகு கைக்குழந்தையோடு போய்ச் சீமெந்துப் பைகளின் மேல் இருந்துவிட்டாள். மற்றவர்களும் போய் இருந்தார்கள்.

“அண்ணை, இப்ப பாப்பம்” என்று அவள் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுச் சொன்னாள். “எங்களை எழுப்பிப்போட்டுக் கறிக்கு உப்புப் போடும்.”

அவளுக்கு அந்தக் கதை எப்படித் தெரிந்ததோ தெரியாது. எங்கள் தீவில் எதுவும் ஒரு மதிலுக்கு அப்பால் போக நேரம் எடுப்பதில்லை. அன்று வேலை நின்றது. பிறகு நல்ல தண்ணீரில்தான் கூரை போட்டார்கள்.

பரீட்சையில், ‘உமது அனுபவத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை எழுதி, நீர் எடுத்த முடிவை நியாயப்படுத்துக’ என்றொரு கேள்வி வந்ததாம். மகள் இதைத்தான் எழுதினாள். வேறு எதை எழுதுவாள்? பிறகு நேர்முகம் கொழும்பில். துணைக்கு நானும் போனேன். அவள் உள்ளே போக, நான் வெளியே கதிரையில் இருந்தேன். குளிரூட்டிய இடம். காலைத் தூக்கி வைப்பதா இறக்கி வைப்பதா என்று தெரியவில்லை.

உள்ளே மூன்று பெரியவர்கள். நடந்ததை அவள் வெளியே வந்து சொன்னாள். தண்ணீர் உப்பு என்று யார் சொன்னது என்று கேட்டிருக்கிறார்கள். தண்ணீர் வண்டிக்காரர் என்றிருக்கிறாள். அவர் யார் என்றார்களாம். என் தகப்பனார் என்றாளாம். அதன் பிறகு தண்ணீரைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. உம் தகப்பனார் அந்தக் கொந்தராத்துக்காரரிடம் கூலி வாங்கினாரா? அதை நீர் உமது நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்தீரா? எல்லோருக்கும் தெரியும்தானே என்று இவள் சொல்லியிருக்கிறாள். எல்லோருக்கும் தெரிந்திருப்பது அறிவித்தல் ஆகாது என்று பதில் வந்ததாம்.

அவர்களில் ஒருவர் எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்து மனிதர். வெளியே வந்து என்னைக் கண்டு நின்றார்.

“நீங்கள்தான் தகப்பனோ?”

“ஓம் ஐயா.”

“தங்கமான பிள்ளை. ஆனால் ஒழுங்குமுறை தெரியேல்லை. அடுத்தமுறை செய்வா.”

நான் எழுந்து நின்று தலையாட்டினேன். அவர் போய்விட்டார். ஒழுங்குமுறை தெரியாத பிள்ளை! குறிகாட்டுவான் துறைக்கு வந்து படகேறும்வரை அந்தச் சொல்லையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு வந்தேன்.

கொஞ்ச நாளில் முடிவு வந்தது. மற்ற எல்லாப் பாடமும் சித்தி. ஒழுக்கத்தில் மட்டும் சித்தியில்லை.

“வருசத்தில ஒருக்காத்தான் நீங்கள் வாய் திறக்கிறனியள்” என்றாள் மனைவி. “அதுவும் பிள்ளையின்ர பரீட்சையைக் கெடுத்துப்போட்டுது.”

அங்கே சொல்ல முடியாமல் போனதை இங்கே சொல்கிறேன். எங்கள் தீவில் கட்டட வேலைக்குத் தண்ணீர் இழுக்கிற வண்டி இரண்டு. ஒன்று என்னுடையது, மற்றது என் மைத்துனருடையது. மேசன் அவளோடு படித்தவன். சீமெந்து இறக்கியவர்கள் என் ஒன்றுவிட்ட தமையனின் பிள்ளைகள். இவளுக்கு உறவில்லாத ஒருவனிடம் தண்ணீர் வாங்க வேண்டுமென்றால் தண்ணீரையும் படகில்தான் ஏற்றிவர வேண்டும். அந்தக் கட்டடத்துக்கு முத்திரை குத்திய பதிவு பெற்ற பொறியியலாளர் ஒருவர் இருந்தார். இதே பரீட்சையில் எப்போதோ சித்தியடைந்தவர். வேலை தொடங்கியதிலிருந்து முடியும்வரை அவர் ஒரு நாளும் படகில் ஏறவில்லை. உப்புத் தண்ணீரில் குழைக்கச் சொன்ன கொந்தராத்துக்காரருக்கோ எந்தப் பரீட்சையும் இல்லை. இப்போது வேறு தீவில் வேறு கட்டடம் கட்டுகிறார். குழாயைத் திறந்துவிட்ட ஒருத்திக்குத்தான் ஒழுக்கம் போதாதாம்.

இதையெல்லாம் வீட்டில் ஒருநாள் கொட்டித் தீர்த்தேன். மகள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்பா, அவை கேட்டது பிழையில்லை.”

“என்ன பிழையில்லை?”

“கொந்தராத்துக்காரர் எங்கட ஒஃபிசுக்கு என்ன எழுதினவர் தெரியுமோ? தகப்பனுக்குத் தூர ஓட்டம் கிடைச்சால் கூலி கூட எண்டுதான் மகள் நல்ல தண்ணி கேட்டவ எண்டு எழுதினவர். உங்களுக்குச் சொல்லேல்லை.”

நான் கதிரையைவிட்டு எழுந்தேன்.

“நான் முதலே எழுதிக் குடுத்திருந்தால் அந்தாளுக்கு அப்பிடிச் சொல்ல ஏலாது. அந்தச் சட்டம் உங்களையும் காப்பாத்தத்தான்.”

அவள் சொன்னது எனக்கு விளங்கியது. விளங்கியும் கோபம் குறையவில்லை, கூடியது. அப்படியொரு பழி வரும் என்று தெரிந்த அந்த மூவரும் உள்ளே என்ன செய்தார்கள்? விதியைக் கேட்டார்கள். முதலாவது விதியை விட்டுவிட்டு எத்தனையாவதோ ஒன்றைக் கேட்டார்கள்.

இந்தமுறை வேறு ஏதாவது சம்பவத்தை எழுதச் சொல்லி மனைவி மன்றாடினாள். குளத்துக்கட்டு, மதில், என்னவாவது. மகள் மாட்டேன் என்றாள்.

“இதையேதான் எழுதப்போறன். முதல் வரியிலயே அப்பாவைப் போடப்போறன். போடலாமோ அப்பா?”

“போடு.”

“பிறகு நான் நிக்கிற வேலை ஒண்டுக்கும் நீங்கள் தண்ணி இழுக்க ஏலாது. அதையும் எழுத வேணும்.”

“எழுது.”

கட்டட ஓட்டத்தைக் கைவிட்டுவிட்டேன். இப்போது அவள் பார்க்கும் வேலைகளுக்கு மைத்துனர்தான் இழுக்கிறார். அவர் தாய்மாமன் என்பதை அவள் எழுத்தில் அறிவித்திருக்கிறாள். தாங்கியை வாய்வரை நிரப்ப வேண்டும் என்றும் சேர்த்து எழுதியதாகச் சொன்னாள்.

இன்று அவளுக்கு மறுபடியும் நேர்முகம். இந்நேரம் உள்ளே கூப்பிட்டிருப்பார்கள். என்னைத் துணைக்கு வர வேண்டாம் என்றாள். தனியே படகேறிப் போனாள். நான் யார், எங்கே கூலி வாங்கினேன், யாருக்கு அறிவித்தது என்று அவர்கள் எல்லாவற்றையும் கேட்கட்டும். எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருக்கிறது. கேட்டு முடித்த பிறகாவது, அந்தத் தண்ணீர் உப்பா இல்லையா என்று ஒருவர் கேட்க வேண்டும். போனமுறை அதை ஒருவரும் கேட்கவில்லை.

நெடுந்தீவு,
2025 புரட்டாதி 13, சனிக்கிழமை.