ஆர்லோவும் ஈயமில்லாப் பொட்டும்

சுட்டு முடித்த மற்றவர்கள் காபிக்குப் போய்விட்டார்கள். ஆர்லோ ஹால்வர்சன் மட்டும் துப்பாக்கிப் பயிற்சிக் கூடத்துத் தரையில் மண்டியிட்டுத் தவழ்கிறார். காலித் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கித் தொப்பியில் போடுகிறார். தன்னுடையவை, நண்பர் டெல்மருடையவை, ஊர் பேர் தெரியாதவன் விட்டுப் போனவை, எல்லாம் தொப்பிக்குள்தான். தேவாலயத்தில் மண்டியிடச் சொன்னால் மட்டும் இவருக்கு முட்டி வலிக்கும். போன ஈஸ்டருக்கு அங்கேயும் ஒரு பளபளப்பைக் கண்டு பாய்ந்து எடுத்தார். அது பாதிரியார் மனைவியின் உதட்டுச்சாய மூடி.

அமெரிக்காவின் மொண்டானாவில் பனிக்காலம் முழுக்கச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர். வண்டியில் இல்லாத நேரமெல்லாம் வீட்டு நிலவறையில் இருப்பார். பொறுக்கி வந்த கூடுகளைச் சுத்தம் செய்து, அடியில் புதுப் பிரைமர் பதித்து, வெடிமருந்து போட்டு, குண்டு செருகி மறுபடி தோட்டாவாக்குவார். பிரைமர் என்பது உளுந்தளவு உலோகப் பொட்டு. துப்பாக்கி ஊசி அதைக் குத்தினால்தான் உள்ளே நெருப்பு. ஒரு கை தோட்டா அழுத்தும் பிரஸ்ஸின் பிடியில் இருக்கும். இன்னொரு கை வேர்க்கடலைப் பையில். கூடுகளை உருட்டித் துலக்கும் இயந்திரத்தைத் துணி உலர்த்தும் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்.

"என் துணியெல்லாம் வெடி வாசனை அடிக்குது" என்பார் மனைவி மேவிஸ்.

"நல்ல வாசனைதானே."

போன வசந்தத்தில் வேலைக்கான ரத்தப் பரிசோதனையில் ஈயம் ஏறிப்போயிருப்பது தெரிந்தது. ஆர்லோ டாக்டரம்மாவிடம் மல்லுக்கு நின்றார். "குண்டுக்குத்தான் செப்புச் சட்டை போட்டிருக்கே?"

"குண்டு மட்டும் இல்ல ஆர்லோ. அந்தப் பொட்டுக்குள்ளயும் ஈயம் இருக்கு. சுடும்போது புகையில வருது, துலக்கும்போது தூசியில வருது. நீங்க அதே கையால கடலை திங்கிறீங்க."

இலையுதிர்காலத்தில் மகள் பிரின் பிள்ளையைப் பெற்று எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெருவுக்கே குடிவந்தாள். வந்த அன்றே சொல்லிவிட்டாள். "அப்பா, இந்த நிலவறைக் கை என் புள்ள மேல படக்கூடாது. ஈயத்த விடு, அப்புறம் தூக்கு."

அன்று முதல் ஆர்லோ தன் முதல் பேரனை மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து, பூட்டிய கடைக் கண்ணாடிக்குள் இருக்கும் துப்பாக்கியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈயமில்லாத பிரைமர் கடையில் கிடைக்கத்தான் செய்தது. ஆனால் ஆர்லோ சும்மா மாறிவிடுகிற ஆள் இல்லை.

"பழைய பொட்டு பொண்டாட்டி மாதிரி மேவிஸ். லேசாத் தொட்டா போதும், உடனே வெடிக்கும்."

"புதுசு?"

"மாப்பிள்ளை மாதிரி. யோசிச்சுட்டுத்தான் வாயத் திறக்கும்."

இன்னொரு பகையும் இருந்தது. கம்பெனிக்காரர்கள் ஈயமில்லாமல் செய்து விற்கும் தோட்டாக்களில் பலவற்றுக்குப் பொட்டு உட்காரும் அடிக்குழி சின்னது. மேலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஒருமுறை அப்படி ஒன்று கலந்துவிட, பெரிய பொட்டைச் சின்னக் குழியில் வைத்து ஆர்லோ பிடியை அழுத்தினார். நிலவறையில் பட்டென்று வெடித்தது. மேலே சமையலறையில் மேவிஸ் ஆப்பிள் பணியாரத்தைத் தட்டோடு கீழே போட்டார். அதிலிருந்து சின்னக்குழிக் கூடு எது கிடைத்தாலும் டெல்மர் வீட்டு வாளிக்குப் போய்விடும். டெல்மர் அந்த வாளியைக் கதவு சாத்தாமலிருக்க முட்டாக வைத்திருந்தார்.

கடையில் இருந்த ஈயமில்லாப் பொட்டோ சின்ன அளவு மட்டும். டெல்மரிடம் ஒரு பிடி கூடு வாங்கி, புதுப் பொட்டிலும் பழைய பொட்டிலுமாகத் தோட்டா செய்து, இரண்டையும் உறையவைக்கும் பெட்டியில் போட்டார். குளிரில்தானே குணம் தெரியும். எல்க் மான் இறைச்சி எடுக்கப் போன மேவிஸ் தோட்டா டப்பாவோடு வந்து நின்றார்.

"ராத்திரிக்கு இதத்தான் வறுக்கணுமா?"

கூடத்தில் பழையது எல்லாம் டமால், டமால். புதியதில் ஒன்று மட்டும் 'டிக்' என்றது. ஆர்லோ துப்பாக்கியை இலக்கை நோக்கி நீட்டியபடியே அசையாமல் நின்றார். மூச்சு விடுவதற்குள் டமால்.

டெல்மர் தொடையில் தட்டிச் சிரித்தார். "இந்த இடைவெளியில இலக்குக் காகிதமே ஒதுங்கி நின்னுக்கும்டா!"

ஆர்லோவுக்கு அவ்வளவு சந்தோஷம். தொப்பியைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேஜைக்கு வந்தார். "புதுசு தோத்துப்போச்சு! பழசுதான் பழசு!"

யாரும் கை தட்டவில்லை.

"சரிப்பா, நீ ஜெயிச்சுட்ட" என்றாள் பிரின். பிள்ளையின் கூடையைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டாள். பயல் கூடைக்குள்ளிருந்து தாத்தாவைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினான். ஆர்லோ கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். தட்டிலிருந்த இறைச்சி ஆறிப்போகும்வரை வெளியே எடுக்கவில்லை.

மறுநாள் ஆர்லோ டெல்மர் வீட்டு வாசலில் நின்றார்.

"அந்த வாளியக் குடு."

"குப்பைன்னு சொன்னியே?"

"குப்பைதான். குடுடா."

டெல்மர் இந்த மாதிரி சமயத்தை விடுகிறவர் இல்லை. கடைகளில் பழைய பிரைமர் கண்ணில் படாத காலம். "உன் பழைய பொட்டு மொத்தமும் எனக்கு. சம்மதமா?"

ஆர்லோ வண்டிக்குப் போனார். பழைய பொட்டுப் பெட்டிகளை முன்னமே கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார்.

"உனக்கு மட்டும் ஈயம் ஏறாதாக்கும்?" என்றார்.

"எனக்குப் பேரனும் இல்ல, பொண்டாட்டியும் ஓடிட்டா. ஈயமாவது கூட இருக்கட்டும்" என்றார் டெல்மர். "ஆனா டிக்குனு சொல்லிட்டு நிக்குமேடா உன் பொட்டு?"

"நிக்கட்டும். எனக்கென்ன பஸ்ஸுக்கா நேரமாச்சு?"

அந்த வாரம் நிலவறையை ஈரத் துணியால் துடைத்தார். துலக்கும் இயந்திரம் வெளிக் கொட்டகைக்குப் போனது. கடலைப் பை சமையலறைக்கு ஏறியது. மேவிஸ் கண்டும் காணாதவர்போலக் கடலைப் பையை அலமாரியில் வைத்தார். பாராட்டினால் மனிதர் முறுக்கிக்கொள்வார் என்று தெரியும்.

ஞாயிறன்று பிரின் பிள்ளையோடு வந்து உட்கார்ந்திருந்தாள். ஆர்லோ குளித்து, மடிப்புக் கலையாத புதுச் சட்டையில், சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு வந்தார். மகள் முன்னால் நின்று இரண்டு கையையும் நீட்டினார். உள்ளங்கையைக் காட்டினார், புறங்கையைக் காட்டினார், பிறகு நகம் தெரிகிற மாதிரி பத்து விரலையும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.