சந்தனம் பூசிய தொட்டி

அந்தக் கண்ணாடித் தொட்டி ஒரு முழ நீளம் இருக்கும். சங்கரன்கோவிலில் நான் செய்முறை ஆசிரியனாக இருந்த கல்லூரியில், அதன் விளிம்புகளுக்கு மெழுகு உருக்கிப் பூசிக் கொடுத்தவர் ஆய்வக உதவியாளர் அண்ணாச்சி. விசைத்தறிக் கூலி வீட்டிலிருந்து முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். ஆராய்ச்சிக்குப் போகும் ஆசையை அவரிடம்தான் முதலில் சொன்னேன்.

உடம்பிலுள்ள ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கும் சவ்வில் கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நிற்கின்றன. அதில் ஓர் அடுக்கை மட்டும் அந்தத் தொட்டித் தண்ணீர்மேல் பரப்பிப் பார்க்கலாம். தலை நீரில், வால் காற்றில். முட்டை மஞ்சள்கருவிலிருந்து பிரித்த லெசித்தின் என்ற கொழுப்பை ஒரு சொட்டு விட்டு, நீர்மேல் குறுக்கே வைத்த பட்டையால் தள்ளி நெருக்கினால், ஒரு மூலக்கூறுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று தெரியும். கொலஸ்டிராலையும் கலந்தேன். இரண்டும் தனித்தனியே பிடித்த இடத்தைக் கூட்டினால் வருவதைவிடக் குறைந்த இடமே போதுமென்று வந்தது. திருவேங்கடம் பஸ்ஸில் காலை அகட்டி உட்கார்ந்திருக்கும் இருவர், நடுவில் ஒருவர் விறைப்பாக வந்து உட்கார்ந்ததும் ஒடுங்கிக்கொள்வார்களே, விறைப்பான கொலஸ்டிரால் நடுவே வந்ததும் லெசித்தினின் ஆடும் வால்களும் அப்படித்தான். வெளிநாட்டில் எப்போதோ கண்டதுதான். ஆனால் எங்கள் தொட்டியில் அதெல்லாம் வராது என்று துறைத்தலைவர் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். வந்தது.

ஆயுத பூசைக்கு அண்ணாச்சி தராசு முதல் அலமாரிப் பூட்டு வரை சந்தனம், குங்குமம் வைத்தார். தொட்டியை விடுவாரா? மெழுகு மங்கியிருக்கிறதென்று விளிம்பில் தேங்காயெண்ணெயும் தேய்த்துவிட்டார். விரல்நுனி எண்ணெய் போதும், நீர்ப்பரப்பு முழுதும் பரவிவிடும். விடுமுறை முடிந்து வந்த அன்று பொட்டைத் துடைத்தேன், எண்ணெயை யோசிக்கவில்லை. அன்றைய அளவு தாறுமாறாக வந்தது.

தலைவர் அன்றைய அளவு எழுதிய அந்த ஒரு தாளைப் பிடித்துக்கொண்டார். வேலையில் இருந்தபடியே சேர, என் ஆராய்ச்சி விண்ணப்பத்தில் அவர் கையெழுத்து வேண்டும். எல்லா அளவுகளும் தவறு என்று எழுதிக் கொடுத்தால் போடுவாராம். “தறிவீட்டுக் கையாச்சே. நூல் அறுந்தா முடிச்சுப் போடுத மாதிரி கணக்கையும் முடிச்சுப் போட்டுருக்கான்” என்றார்.

கதவோரம் நின்ற அண்ணாச்சி கேட்காமலே உள்ளே வந்தார். “எண்ணெ தேச்சது நாந்தான்யா. தம்பி கணக்குல குத்தம் இல்ல. சந்தேகம்னா வாங்க, இப்பமே கழுவி வைக்கேன், நீங்களே அளந்து பாருங்க.”

தலைவர் நாற்காலியை விட்டு எழவில்லை. நான் எழுதிக் கொடுத்தேன்: அந்த ஒருநாள் அளவு தவறு, மற்றவை சரி. கையெழுத்து கிடைக்கவில்லை. அண்ணாச்சியை விடுதிச் சமையல்கட்டுக்கு மாற்றினார்கள். என்னால் வந்த வினை என்று வருத்தம் சொல்லப் போனேன்.

“அங்கன எண்ணெ தேச்சா யாரும் வைய மாட்டாவ. நீ எழுதுனத மட்டும் மாத்திராத, கேட்டியா” என்றார்.

வேலையை விட்டுவிட்டு, அந்தக் கையெழுத்து இல்லாமலே வேறு ஊரில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தேன். அங்குள்ள உயர்ந்த கருவியிலும் அதே கலவை அதே அளவுக்குத்தான் ஒடுங்கியது. போன மாதம் ஆய்வேட்டின் நன்றியுரையை வழிகாட்டியிடம் காட்டினேன். உதவியாளர்களைக் கடைசியில் போடுவதுதான் முறை, இவரோ இந்த ஆய்வகத்திலேயே இல்லாதவர் என்றார். மாற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். முதல் வரி அண்ணாச்சியுடையது. துறைத்தலைவர் எந்த வரியிலும் இல்லை.