கம்பி இல்லாத டென்ட்

அமீரகத்தில், புஜைரா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் எனக்கு ஸ்டோர் கீப்பர் வேலை. காஸாவுக்குக் கப்பலில் போகும் நிவாரணச் சாமான்களைக் கட்டி ஏற்றிவிடுவது என் பொறுப்பு. அதற்கான பேப்பர் வேலையைப் பார்த்தவன் காஸாவிலேயே பிறந்தவன். படிக்க வந்து இங்கேயே வேலையில் அமர்ந்துவிட்டான். என்னைவிட இளையவன். என்னுடைய அரைகுறை அரபியும் அவனுடைய இங்கிலீஷும் எங்களுக்குப் போதுமாக இருந்தன.

டென்ட் லோடு கட்டி முடித்து சீல் வைக்கப்போகும் நேரத்தில் மேனேஜர் போன் செய்தார்.

"டென்ட்டோடு கம்பி போகக்கூடாதாம். எல்லாவற்றையும் பிரித்து எடுத்துவிடுங்கள்."

"எதற்கு சார்?"

"எனக்கென்ன தெரியும்? உலோகம் எதையும் இஸ்ரேல்காரர்கள் உள்ளே விடமாட்டார்களாம். முந்தைய லோடு எகிப்திலேயே நிற்கிறது. யல்லா, சீக்கிரம் வேலையைப் பாருங்கள்."

கட்டிய கையாலேயே பிரித்தோம். பையை அவிழ்த்து, கம்பியை உருவி, மறுபடி கட்ட வேண்டும். வேர்வையில் கை வழுக்கியது. பிஹார்க்காரர் ஒருவர் ஒரு பையைத் தூக்கிக் காட்டி, "பாய், கம்பி இல்லாமல் இது டென்ட்டா, போர்வையா?" என்றார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பேப்பரில் இனி என்னவென்று போடுவது என்று காஸாக்காரன் மேனேஜரைக் கேட்டான். டென்ட் என்றே போடச் சொன்னார்.

எனக்கு ஊர் ராமநாதபுரம் பக்கம், கடற்கரை. கடல்காற்றில் ஒரு தார்ப்பாய் என்ன பாடு படும் என்று எனக்குத் தெரியும். மரக்கம்பாவது வைத்து அனுப்பலாமே என்று மேனேஜரிடம் கத்தினேன். மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். மேலே என்றால் எங்கே என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

காஸாக்காரனுடைய அண்ணன் ஊரிலேயே மீன் பிடிப்பவர். படகு குண்டுவீச்சில் எரிந்துபோய்விட்டது. பெண்டாட்டி பிள்ளைகளோடு மணலில் பிளாஸ்டிக் ஷீட்டைக் கட்டிக் குடியிருந்தார். அன்று சாப்பாட்டு நேரத்தில் அவருடைய போன் வந்தது. லைன் கிடைப்பதே அபூர்வம் என்பதால் அவன் ஸ்பீக்கரில் போட்டு, சாதத்தில் கை வைத்தபடியே பேசினான். இப்போது எதில் கடலுக்குப் போகிறார் என்று நான் கேட்கச் சொன்னேன்.

"ஃபிரிட்ஜ் கதவில்" என்றார் அண்ணன். கரையோரமாகத்தான் போவாராம். கொஞ்சம் தள்ளிப் போனால் போர்ப்படகிலிருந்து சுடுவார்களாம்.

"கதவிலா?"

"வீடும் இல்லை, கரண்டும் இல்லை. கதவாவது மிதக்கிறதே."

டென்ட் வருகிறது, ஆனால் கம்பி இருக்காது என்று தம்பி சொன்னான். அண்ணன் கத்திய கத்தலில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கம்பியை எடுத்தது யார்? நீயா? உன்னை நாங்கள் படிக்க அனுப்பியது இதற்குத்தானா?"

லைன் அறுந்தது. அவன் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய், குவித்து வைத்திருந்த கம்பிகளை உதைத்தான். கால் வீங்கியதுதான் மிச்சம்.

மேலேயிருந்து பதில் வரவேயில்லை. கப்பல் போய்விட்டது. கம்பிகளைப் பழைய இரும்புக்காரன் அள்ளிக்கொண்டு போனான்.

பல வாரம் கழித்து அண்ணனிடமிருந்து குரல்பதிவு வந்தது. பக்கத்துக் குடும்பத்துக்கு ஒரு டென்ட் கிடைத்திருக்கிறது. எரிந்த படகிலிருந்து மிஞ்சிய துடுப்புகளை இவர் கொடுக்க, அவற்றை நட்டு டென்ட்டை நிறுத்தியிருக்கிறார்கள். மழையும் காற்றும் சேர்ந்தடித்ததில் அது சரிந்து, அந்தக் குடும்பமும் இவருடைய ஷீட்டுக்கு அடியில் வந்துவிட்டது. கால் நீட்ட இடமில்லை என்று தம்பியைத்தான் மறுபடி திட்டினார்.

"நம்ம டென்ட் போய்ச் சேர்ந்துவிட்டது" என்றான் என்னிடம். டீ வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த மாதமே அவன் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு துபாயில் ஒரு டயர் கம்பெனிக்குப் போய்விட்டான். இப்போது அண்ணனோடு சண்டையில்லாமல் பேச முடிகிறதாம். டயரைப் பற்றி அவர் எதுவும் கேட்பதில்லையாம்.

நான் இன்னும் புஜைராவில்தான். போன வாரம் முதலுதவிப் பெட்டிகளிலிருந்து கத்தரிக்கோலை எடுக்கச் சொன்னார்கள். காரணம் கேட்பதை விட்டுவிட்டேன். மேனேஜரிடம் கத்துவதை மட்டும் விடவில்லை.