இருபதாவது உறை

எங்கள் தெருவில் அண்ணிக்குப் பெயர் கறார். கடைக்குப் பலகை எழுத வந்த பெயிண்டர், "கறார் தோல் கடைன்னே போட்டுடட்டுமாக்கா?" என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போனான். அண்ணன் லாரி ஓட்டுகிறான், மாதத்தில் ஐந்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். பெல்ட், எலக்ட்ரீஷியன்கள் இடுப்பில் கட்டும் கருவிப் பை, நாய்க்குக் கழுத்துப்பட்டை, கத்தி உறை, துப்பாக்கி உறை எல்லாம் எங்கள் கடையில் கையால் செய்வதுதான். நான் வெட்டுவேன், அண்ணி தைப்பார். பதினோரு வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது ஒரே ஒரு முறை, அதுவும் டீ நன்றாகப் போட்டதற்கு.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் ஒரு பை கம்பெனியில் மெஷினில் உட்கார்ந்தவர். இப்போது மெஷினைக் கண்டாலே பிடிக்காது. மெழுகு நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் எதிரெதிராக விட்டு இழுப்பார். ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பார். தைத்த உறையைத் தண்ணீரில் நனைத்து, துப்பாக்கி வடிவ மர அச்சை உள்ளே திணித்து, கட்டை விரலால் அழுத்தி அழுத்தி உருவம் கொண்டுவருவார். அந்த விரலில் நகம் பாதிதான் இருக்கும்.

பணப்பெட்டி வண்டிகளுக்குக் காவல் அனுப்பும் கம்பெனி ஒன்று இருபது துப்பாக்கி உறை கேட்டிருந்தது. இப்படிப்பட்ட உறைக்கு மாட்டின் முதுகுத் தோல்தான் வேண்டும். அது விறைப்பாக நிற்கும். வயிற்றுத் தோல் தொளதொளப்பு. நனைத்துக் காயவைத்தால் நல்ல பிள்ளை மாதிரி இருக்கும், நாலு நாள் இடுப்பு வியர்வை பட்டதும் இளகிவிடும். சாவிக்கொத்துப் பை செய்ய அது போதும். துப்பாக்கி உறைக்கு ஆகாது. ஏனென்றால், துப்பாக்கியை உருவிய பிறகும் உறையின் வாய் திறந்தே இருக்க வேண்டும். வாய் இளகினால் உள்ளே மடியும். திரும்பச் செருகும்போது அந்த மடிப்பு விசையில் மாட்டினால் விரல் செய்கிற வேலையைத் தோலே செய்துவிடும். அந்தக் கம்பெனிக்காரர்கள் வைத்திருந்த துப்பாக்கியில் தனிப் பூட்டு கிடையாது. விசை இழுபட்டால் வெடிக்கும்.

வெட்டி முடித்த அன்று அண்ணி கேட்டார்: "எல்லாம் முதுகுதானே?"

"வேற என்ன அண்ணி? முதுகுதான்."

திங்கட்கிழமை இருபது உறையையும் கொண்டுபோய்க் கொடுத்தோம். வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு, உருண்டு போன ஊசி டப்பாவைத் தேடி அண்ணி வெட்டுப் பலகைக்கு அடியில் குனிந்தார். எழுந்தபோது கையில் ஊசி டப்பா இல்லை. ஓர் உறைக்கான இரண்டு துண்டுகள், முதுகில் வெட்டியவை, தூசி படிந்து இருந்தன.

"இது இங்க கிடக்குதுன்னா, இருபதாவது எதுல வெட்டுன?"

அன்று எண்ணியபோது பத்தொன்பதுதான் வந்தது. சாப்பாட்டு நேரம், பசி வேறு. முதுகு தீர்ந்துவிட்டது. சாவிப் பைக்கு ஒதுக்கிய துண்டு கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது. வெட்டினேன். சாயம் பூசினால் எல்லாம் கருப்புதானே என்று நினைத்தேன்.

"வயிறு" என்றேன்.

அண்ணி திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். போனை எடுத்தார். காவல் கம்பெனியில் ஒரு பெண், "கம்ப்ளைன்ட்னா எழுதி அனுப்புங்க" என்றாள். "எழுத நேரமில்லம்மா, யார் காலுலயாவது குண்டு பாஞ்சுடும்" என்று அண்ணி சொன்னார். அந்தப் பெண் மிரட்டல் என்று நினைத்து போனை வைத்துவிட்டாள். இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும். அப்போது ஒவ்வொருவரும் துப்பாக்கியை உருவிக் காட்டிவிட்டுத் திரும்பச் செருகுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அளவெடுக்கப் போனபோது பார்த்திருக்கிறோம்.

ஸ்கூட்டரில் போனோம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. தப்பு செய்தவனுக்கு வரும் கோபம் தனி ரகம், ஊரில் இருப்பவன் எல்லாம் குறுக்கே வருகிற மாதிரியே தோன்றும். ஒரு சிக்னலில் நின்றபோது, "பாலிஷ் போட்டுத் தர வந்தோம்னு சொல்லி வாங்கி, ஓசைப்படாம மாத்திடலாம் அண்ணி" என்றேன். பின்னால் அவர் மடியில் இறுக்கிப் பிடித்திருந்த அந்த இரண்டு துண்டுகளும் என் முதுகில் இடித்தன.

இரண்டு அடிக்க ஐந்து நிமிஷம். காவலர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள், போகிறவர்களும் வருகிறவர்களுமாக இருபது பேர். அண்ணி வாசல் காவலாளியைத் தாண்டி நேரே உள்ளே போய், "யாரும் துப்பாக்கியை உருவாதீங்க. நாங்க செஞ்ச உறையில ஒண்ணு தப்பு" என்றார். சூப்பர்வைசர் முகம் சுளித்தார். ஆனாலும் அண்ணியின் குரலுக்கு அவர் கையும் தானாக உயர்ந்து வரிசையை நிறுத்தியது.

"எதும்மா?"

"மெத்துனு இருக்கிறது."

வரிசையில் இருந்த மற்றவர்கள் ஒரே ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாரும் சீனியர் என்று கூப்பிடும் மனிதர் அவர். ஓய்வு பெற மூன்று மாதம்தான் பாக்கி. மற்ற பத்தொன்பது உறையும் மரப்பெட்டியைக் கட்டின மாதிரி இடுப்பை அறுத்ததாம், இது ஒன்று மட்டும் சுகமாக இருந்ததாம். மூன்று பேர் சண்டை போட்டு, கடைசியில் வயசுக்கு மரியாதை கொடுத்து அவருக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

"இதைத் தர மாட்டேம்மா" என்றார் சீனியர். "இருபதுலயும் இது ஒண்ணுதான் மனுஷனுக்குச் செஞ்சது."

"குண்டை எடுத்துட்டு நீங்களே செருகிப் பாருங்கய்யா" என்றார் அண்ணி.

சூப்பர்வைசர் துப்பாக்கியை வாங்கிக் குண்டுகளை எல்லாம் எடுத்தார். உள்ளே ஒன்றும் இல்லை என்று இரண்டு முறை பார்த்தார். விசை வேலை செய்யும்படி மேல்பகுதியை இழுத்துவிட்டுச் சீனியரிடம் கொடுத்தார். சீனியர் செருகினார். ஒன்றும் ஆகவில்லை. உருவி மறுபடி செருகினார். ஒன்றும் ஆகவில்லை. வரிசையில் யாரோ சிரித்தார்கள். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் நான் சந்தோஷப்பட்டேன். பிழைத்தோம் என்று நினைத்தேன்.

"பேசிக்கிட்டே செருகுங்க" என்றார் அண்ணி. "தினம் செய்யிற மாதிரி, குனிஞ்சு பாக்காம."

சீனியர் சூப்பர்வைசரைப் பார்த்து, "இந்தம்மாவுக்கு ஏதோ..." என்று ஆரம்பித்தபடியே செருகினார்.

டிக் என்றது.

சின்னச் சத்தம்தான். சிரித்தவன் வாயை மூடிக்கொண்டான். சீனியர் உறைக்குள் இருந்த துப்பாக்கியைப் பார்த்தார், பிறகு அதன் முனை காட்டிய இடத்தை, தன் வலது முழங்காலை, பார்த்தார். மெதுவாகப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"காலையிலேருந்து நாலு தடவை செருகிட்டேன்" என்றார். "குண்டோட."

சூப்பர்வைசர், "யாரு வெட்டினது இதை?" என்று கேட்டார்.

"எங்க கடையிலதான்" என்றார் அண்ணி.

என்னால் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியவில்லை. "நான்தான்" என்றேன். "தெரிஞ்சுதான் வெட்டினேன்."

அண்ணி உறையை மட்டும் கழற்றி வாங்கி, கொண்டுவந்திருந்த கத்தியால் வாயிலிருந்து அடி வரை கிழித்தார். சீனியர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே பார்த்திருந்தார்.

"வேற எப்ப தருவீங்க?"

"நாளைக்கு நனைச்சுக் காய வெச்சு, நாளன்னிக்குத் தர்றேன்."

"யாரு வெட்டப் போறா?"

அண்ணி என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. "இவன்தான். நீங்க வந்து பக்கத்துல உக்காந்து பாருங்க."

மறுநாள் எட்டு மணிக்கே சீனியர் வந்துவிட்டார். வெட்டுப் பலகைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, மடக்க முடியாத வயசு என்று சொல்லி வலது காலை என் காலுக்கு அருகில் நீட்டிக்கொண்டார். பலகைக்கு அடியில் கிடந்த துண்டுகளே இருக்கின்றன, வெட்டவே வேண்டியதில்லை என்று அண்ணியிடம் சொன்னேன். "அதை நான் பெல்ட் வளையத்துக்கு வெட்டிட்டேன்" என்றார். புதுத் தோலை விரித்து, முதுகு எது என்று சீனியருக்குத் தொட்டுக் காட்டினேன். அவரும் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுச் சரி என்று தலையாட்டினார். அவர் நீட்டியிருந்த காலைப் பார்த்துக்கொண்டே கத்தியை வைத்தேன். ஓர் உறைக்கு இரண்டே துண்டு, ஐந்து நிமிஷ வேலை. அன்று எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.