பெரியையாவின் வாசலில் என் வானம்பாடி

எங்கள் கரம்பொன் ஊர்ப் பக்கத்துத் தரவையில், அந்த உவர்ப் புல்வெளியில், வானம்பாடிக்குப் பஞ்சமே இல்லை. மாரி வெள்ளம் வற்றி உமிரிப் பூண்டு சிவக்கத் தொடங்கினால், காலை முழுவதும் தலைக்கு மேல் அதன் பாட்டுத்தான். ஆனால் காட்டு பார்ப்போம் என்றால் ஒருவராலும் காட்ட முடியாது. மேலே போனால் ஒரு பொட்டு. கீழே இறங்கினால் மண்ணும் அதுவும் ஒரே நிறம்.

அதைப் படம் பிடிக்க வேண்டும் என்று எனக்குப் பைத்தியம். செவ்வாய்க் குற்றச் சாதகம் என்று வந்த சம்பந்தமெல்லாம் திரும்பிப்போய், நான் வீட்டோடு கிடந்த காலம். தெற்கில் கடை வைத்திருந்த அண்ணை தன் பழைய பெட்டிக் கமராவைத் தந்திருந்தார். இறக்குமதி நின்று, பாண் ரொட்டிக்கே வரிசையில் நின்ற எழுபதுகளின் தொடக்கம் அது. பிலிமுக்கு எங்கே போவது? உள்ளே இருந்த சுருளில் இரண்டு படம் மிச்சம். நான் செய்தேன் என்று சொல்ல ஒன்றாவது இருக்கட்டும் என்று அவற்றைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்.

பெரியையாவுக்கு இது பிடிக்காது. அப்பாவின் தமையன், ஒரே வளவில் பக்கத்து வீடு. அப்பா போனபிறகு எங்கள் வீட்டிலும் அவர் அதிகாரம்தான். "குமர்ப்பிள்ளை தரவையிலை குருவி பார்த்துக்கொண்டு திரியிறதே? ஊர் சிரிக்குது" என்று வேலிப் படலையில் நின்று கத்துவார். ஊர் எங்கே சிரித்தது? அவர்தான் ஊர்.

நான் விடவில்லை. ஆடு தேடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய், முதுகில் ஒரு தென்னோலைக் கிடுகைப் போட்டு மூடிக்கொண்டு சேற்றில் படுத்துக் கிடப்பேன். ஒரு பங்குனிக் காலை, வானத்திலிருந்து தொப்பென்று இறங்கிய வானம்பாடி எனக்கு நேர் முன்னால் ஒரு மண்கட்டியில் ஏறி நின்றது. வெளுத்த வானம் பின்னால் தெரிய, கொண்டையைச் சிலிர்த்து, வாயைத் திறந்து பாடியது. கமராப் பொத்தானை அமத்தினேன். அழுதேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள், அழுதேன்.

அடுத்த படம் எடுக்கும்போதுதான் பிலிமைச் சுற்றுவது என் பழக்கம். முன்கூட்டியே சுற்றினால் வெளிச்சம் புகுந்துவிடுமோ என்ற பயம்.

அந்தக் கிழமையே பெரியையா கண்ணை மூடினார். பிரேதத்தைச் சுற்றி நின்று படம் எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வரமுடியாத பிள்ளைகளுக்கு அனுப்ப வேண்டும். அவருடைய மகன் லண்டனில் இருந்தான். ஸ்ரூடியோக்காரரிடமும் பிலிம் இல்லையென்றதும் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். கமராவோடு வந்து நின்றேன். பெரியையாவின் மருமகன், எங்கள் அத்தான், அதைப் பறித்தார்.

"செத்தவீட்டிலை பொம்பிளையே படம் எடுக்கிறது? இஞ்சை தாரும்."

"அத்தான், பிலிமைச் சுத்திப்போட்டு அமத்துங்கோ! இல்லாட்டி முதல் எடுத்த படத்துக்கு மேலை விழும்!"

ஒப்பாரிச் சத்தத்தில் கேட்கவில்லையாம், பிறகு சொன்னார். கேட்டிருந்தாலும் சுற்றியிருக்க மாட்டார். பெண் சொல்லி அவர் என்ன செய்திருக்கிறார்? டிக்கென்றது.

படம் கழுவி வந்தது. நடுவில் பிரேதம், சுற்றிலும் சனம், எல்லாம் கொஞ்சம் புகார் படிந்த மங்கல். தலைமாட்டுக்குப் பின்னால் இருட்டாகக் கிடந்த வீட்டு வாசலுக்குள் மட்டும் ஒரே வெளிச்சம். அதற்குள் வாய் திறந்தபடி என் வானம்பாடி.

பெரியம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டா. "ஐயோ என்ரை ராசா! குருவியாயே பறந்து போனியள்?"

"பெரியம்மா, அது நான் தரவையிலை எடுத்த வானம்பாடி."

"வாயைப் பொத்தடி! செத்த மனிசனோடையுமோ உனக்குப் போட்டி?"

அடுத்த தீவான புங்குடுதீவிலிருந்துகூடச் சனம் வந்து பார்த்தது. அத்தானின் கைராசி என்று புகழ்ந்தார்கள். அவரும் வெட்கமில்லாமல் தலையாட்டினார். நெகட்டிவ் லண்டனுக்குப் போயிற்று. எனக்கும் ஒரு பிரதி அத்தானிடம் கேட்டேன். "உமக்கேன் அது?" என்றார்.

கண்ணாடி போட்டுச் சாமியறையில் மாட்டினார்கள். வெள்ளிக்கிழமைகளில் அதற்குப் பூ வைக்கிற வேலை என் தலையில் விழுந்தது. கலியாணமாகாத குமர் இருக்கிற வளவில் வேறு யார் வைப்பார்கள்? பெரிய செவ்வரத்தம்பூவாகப் பார்த்துப் பிடுங்கி, பெரியையாவின் முகம் முழுதாக மறையும்படி செருகுவேன். எத்தனையோ வருடம் அப்படித்தான் வைத்தேன். கும்பிட வந்தவர்களில் ஒருவராவது முகம் எங்கே என்று கேட்கவில்லை. எல்லாரும் குருவியைத்தான் பார்த்தார்கள்.