இரண்டு தடவை எண்ணப்பட்ட ஆட்கள்

1985 ஏப்ரல் 8. தலைநகர் மொன்டேவீடியோவிலுள்ள பல்கலைக்கழகத்தில் நெல்டா டெசேராவுக்கு விரிவுரையாளர் வேலை. முதல் மாதச் சம்பளம் 14,200 பேசோ.
2006 ஜூலை 14. கிழக்கே வெர்காரா என்ற ஊருக்கு அருகிலுள்ள நெல் ஆய்வு நிலையத்துக்கு அரசு மானியம், 3 கோடியே 10 லட்சம் பேசோ.
2010 நவம்பர் 5. அந்த மானியத்தின் பயனை அளந்த அறிக்கை வெளியீடு. அளப்பதற்கு ஆன செலவு 4,12,000 பேசோ.
2013 ஜூன் 3. அதே நிலையம் கேட்ட அடுத்த மானியம், 4 கோடியே 60 லட்சம் பேசோ.

ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் பணம் கடைசியில் யார் கைக்குப் போய்ச் சேருகிறது? நெல்டா டெசேரா தன் உத்தியோக காலம் முழுவதும் இந்த ஒரு கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். மற்ற பொருளாதார நிபுணர்கள் கட்டுரைகளையும் காப்புரிமைகளையும் எண்ணினார்கள். நெல்டா ஆட்களை எண்ணினார். சமூகக் காப்பு அலுவலகப் பதிவுகளை அடையாள எண் வாரியாகக் கோத்து, யார் எந்த வேலையில் சேர்ந்தார்கள், எங்கே மாறினார்கள் என்று ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வார்.

2010 அறிக்கையில்தான் அவருக்குப் பெயர் வந்தது. நிலையம் கண்டுபிடித்த குறுகிய கால நெல்லால் கிழக்கு மாவட்டங்களில் 1,140 புதிய வேலைகள் உண்டாயின என்றது அந்த அறிக்கை. நிலைய இயக்குநர் எபெர் லாரோசா, நெல்டாவின் கல்லூரித் தோழர், அதன் முதல் பக்கத்தைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டிவைத்தார்.

2013இல் புது மானியம் கேட்டபோது, கணக்கை இன்னும் மூன்று ஆண்டுக்கு நீட்டித் தரும்படி லாரோசா சொன்னார். முன்பு வேலையில் சேர்ந்த தேதிகளை மட்டும் எடுத்த நெல்டா, இந்த முறை விலகிய தேதிகளையும் சேர்த்துப் பார்த்தார். சேர்ந்தவர்கள் பெருகிய அதே அளவுக்கு விலகியவர்களும் பெருகியிருந்தார்கள். மார்ச்சில் விலகிய அடையாள எண்களே ஏப்ரலில் மறுபடி சேர்ந்திருந்தன. கோப்பையில் மாத்தே தேநீர் ஆறிப்போயிற்று.

முன்பெல்லாம் பிப்ரவரி முதல் ஜூலை வரை ஒரே ஒப்பந்தம். புது நெல் சீக்கிரம் விளைந்ததால் அறுவடை இரண்டாகப் பிரிந்தது. ஐந்து வார வேலை முடிந்ததும் ஆட்களை அனுப்பிவிட்டு, பழைய ரக நெல் விளைந்ததும் திரும்பக் கூப்பிட்டார்கள். ஓர் ஆளின் வேலை நாட்கள் சராசரியாக நூற்றைம்பத்தாறிலிருந்து நூற்றொன்பதுக்கு இறங்கியிருந்தன. நெல்டாவின் கணினி நிரலோ ஒவ்வொரு சேர்க்கையையும் ஒரு புது வேலை என்று எண்ணியிருந்தது. அவர் வெர்காராவில் பிறந்தவர். அறுவடை முடிந்தால் வேலையும் முடியும் என்பது எட்டு வயதிலேயே தெரியும். நிரல் எழுதும்போது மட்டும் தலைநகரத்துக்காரியாகிவிட்டார்.

வேலையில்லாக் கால உதவித்தொகை பெற ஆண்டில் நூற்றைம்பது நாள் உழைத்திருக்க வேண்டும். அதை நூறாகக் குறைக்கச் சொல்லித் தொழிலாளர்கள் கொடுத்த மனு முந்தைய ஆண்டே தள்ளுபடியாகியிருந்தது. நெல்டா தம்பியைத் தொலைபேசியில் அழைத்தார். வில்மார் வெர்காராவில் அறுவடைக் காலத்தில் அரிசி ஆலையில் நெல் உலர்த்துபவர்.

"போன அறுவடையில மொத்தம் எத்தனை நாள்டா வேலை?"

"என்னக்கா, ஞாயித்துக்கிழமையும் கணக்கெடுப்பா?"

"சொல்லு."

"நூத்தி நாலு."

"அப்ப உதவித்தொகை?"

"அத வாங்கி மூணு வருஷமாச்சு. குளிர்காலத்துல வேலி கட்டப் போறேன், யாராவது கூப்பிட்டா."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"மனு குடுக்கப் போன அஞ்சு பேர்ல நானும் ஒருத்தன்க்கா. அந்த அதிகாரி உன் அறிக்கையத்தான் எடுத்துப் படிச்சாரு. உங்க பக்கம் வேலை பெருகியிருக்கேன்னாரு. எங்காளுங்க எல்லாம் என்னத் திரும்பிப் பாத்தாங்க. நான் என்னன்னு சொல்றது? எங்கக்காவுக்கு எண்ணத் தெரியாதுன்னா?"

விஷயம் தெரிந்த லாரோசா வெர்காராவிலிருந்து பஸ் பிடித்து வந்து, நெல்டாவின் சமையலறையில் உட்கார்ந்தார்.

"ஒரு அடிக்குறிப்பு போட்டு விட்டுடு நெல்டா. உன் அடிக்குறிப்ப நானே படிச்சதில்ல."

"தெரியும். மேல எழுதினதையும் நீ படிச்சதில்ல."

"மானியம் போச்சுன்னா இருபத்தாறு பேர வீட்டுக்கு அனுப்பணும். அவங்க மனுஷங்க இல்லையா?"

"மனுஷங்கதான். அவங்களையும் ஒரு தடவைதான் எண்ணுவேன்."

"முப்பது வருஷம் சம்பாதிச்ச பேரு போயிடும். யோசிச்சுக்க."

"அதான் எபெர், மூணு வாரமா யோசிக்கிறேன்."

ஜூலை 24 அன்று 2010 அறிக்கையைத் திரும்பப் பெறுவதாக ஆய்விதழுக்கும் அமைச்சகத்துக்கும் எழுதினார். அக்டோபரில் அந்த அறிவிப்பு அச்சானது. நிலையத்துக்குப் பாதி மானியமே கிடைத்தது. பதினொரு பேர் வேலை இழந்தார்கள். லாரோசா அதன்பின் அவரோடு பேசவில்லை.

தொழிலாளர்கள் 2014 மார்ச்சில் மறுபடி மனு கொடுத்தார்கள். முந்தைய அறிக்கை திரும்பப் பெறப்பட்டுவிட்டதால் அந்தப் பகுதி வேலைவாய்ப்பு பற்றிச் செல்லத்தக்க ஆய்வு எதுவும் இல்லை, ஆகவே முடிவெடுக்க இயலாது என்று பதில் வந்தது.

"முன்னாடி உன் கணக்குல ரெண்டு ஆளா இருந்தேன்," என்றார் வில்மார். "இப்ப ஆளே இல்ல."

அந்த ஆண்டே நெல்டா ஓய்வு பெற்றார். திரும்ப அளக்க யாரும் பணம் தரவில்லை. பழைய துறையில் ஒரு மேசையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, வேலைகளை விட்டுவிட்டு நாட்களை எண்ணத் தொடங்கினார். இரண்டு அறுவடைகள் எண்ணினார். புது நெல்லால் விளைச்சல் ஐந்தில் ஒரு பங்கு கூடியது உண்மை என்று எழுதினார். அந்த லாபம் நில உடைமையாளர்களிடமும் ஆலைகளிடமும் நின்றுவிட்டதையும் எழுதினார். வேலை இழந்த பதினொரு பேரையும் விடவில்லை. நால்வர் எல்லை தாண்டி பிரேசிலுக்குப் போயிருந்தார்கள், இருவர் பள்ளி ஆசிரியர்கள், மூவர் பாதிச் சம்பளத்தில் கடைகளில். மற்ற இருவரைப் பதிவுகளில் காணவில்லை. தெரியவில்லை என்றே எழுதினார். முதல் பக்கத்தில், இதற்குமுன் வந்த தவறான எண் தன்னுடையது என்று தன் பெயரோடு அச்சிடச் செய்தார்.

2015 நவம்பர் 16இல் ஆய்வை ஒப்படைத்தார். விளக்கம் கேட்டு அமைச்சகத்திலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டுக்கும் பதில் போட்டார். உதவித்தொகை பெற நெல் அறுவடை, ஆலைத் தொழிலாளர்களுக்கு இனி நூறு நாள் போதும் என்ற அமைச்சகத்தின் கடைசிக் கடிதம் வெர்காரா தொழிற்சங்க அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த நாள், 2016 ஆகஸ்ட் 11.