வெள்ளையடித்த பாறை

என் அம்மா முத்துமாரியம்மாள் சாமி பெயரில் ஒரு பொய் சொன்னாள். அதுவும் ஒரு பல்லிக்காக.

கயத்தாறுக்கும் கடம்பூருக்கும் நடுவில் எங்களுக்கு மானாவாரிக் கரிசல் நிலம். அப்பா இறந்தபின் உளுந்தும் கம்பும் அம்மா தனியாகவே விதைத்தாள். நிலத்தை ஒட்டி ஒரு மொட்டைப் பாறை. அதன் இடுக்குகளில் விரல் நீளத்தில் ஒரு பல்லி. ஆராய்ச்சிக்கு வந்த கண்ணபிரான், இந்த இனம் வேறெங்கும் இதுவரை அகப்படவில்லை, பாறை போனால் இதுவும் போகும் என்றார். ஓர் இடுக்கில் வரிசையாக ஒட்டியிருந்த முட்டைகளைக் காட்டினார். பல தாய்கள் ஒரே இடத்தில் வந்து இடுமாம்.

அம்மா குனிந்து பார்த்தாள். "பிரசவ வார்டுல்லா வச்சிருக்கு." அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஆட்டைக்கூட ஏற விடவில்லை.

கல்குவாரிக்காரர்கள் அளக்க வந்தார்கள். அம்மா கொடுத்த மனுக்களுக்குப் பதில் இல்லை. ஒரு காலையில் பாறையுச்சியில் மஞ்சள் பூசிய கல் நின்றது. சுடலைமாடன் கனவில் வந்து, "என் மேல வெடி வைக்காத" என்றதாக அம்மா ஊரைக் கூட்டினாள். ஊர் நம்பியது. குவாரி முதலாளியே தேங்காய் உடைத்துவிட்டுப் போனார்.

சாமி என்று ஆனபின் கொடைத் திருவிழா எடுக்க வேண்டும். கொடைக்கு முன் பீடத்துக்கு வெள்ளையடிக்க வேண்டும். இங்கே பாறையே பீடம். சித்திரையில், பயிருக்கு மருந்தடிக்கும் மெஷினில் சுண்ணாம்புப் பாலை நிரப்பிக்கொண்டு ஏறினார்கள்.

அம்மா இடுக்கை முதுகால் மறைத்து நின்றாள். "அடிக்காதீங்க அண்ணாச்சி. சாமிக்கு வெள்ளை வேண்டாமாம்."

ஊர்த்தலைவர் சங்கரபாண்டியன் சிரித்தார். "கனவுல வந்தப்ப உன் சாமி. இப்ப ஊர்ச்சாமில்லா தங்கச்சி. ஒதுங்கு."

அம்மா கத்தினாள். முடி அவிழ்ந்தது, உடம்பு நடுங்கியது. யாரோ குலவையிட்டார்கள். சங்கரபாண்டியன் துண்டை இடுப்பில் கட்டிக் கைகூப்பினார்.

"அய்யா! என்ன வேணும், கேளுங்க."

"ஒண்ணும் வேண்டாம்லே! எல்லாரும் எறங்கிப் போங்க!"

"ஏலே, ஒண்ணும் வேண்டாம்னு கோவிக்காவ. எதுலயோ குறை வச்சிட்டோம். ரெண்டு தடவை அடிங்கலே!"

பெண்கள் அம்மாவைப் பக்தியோடு தாங்கிக் கீழே இறக்கி மஞ்சள் நீர் ஊற்றினார்கள். மேலே மெஷின் ஓடியது.

உண்மையைச் சொன்னால் குவாரிக்காரர்கள் திரும்ப வந்துவிடுவார்கள். அம்மா சொல்லவில்லை. கொடை முடிந்ததும் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து கழுவினாள். சுண்ணாம்பு காற்றுப்பட்டால் கல்லாக இறுகிவிடும், கழுவினால் போகாது என்று வேலை பார்க்கும் ஊரிலிருந்து போனில் சொன்னேன்.

"போகாட்டா சுரண்டுதேன்" என்றாள்.

ஒருநாள் சுரண்டப் போனவள் உச்சி வெயிலில் பாறைமேல் விழுந்துகிடந்தாள். கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் உயிர் போய்விட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, கண்ணபிரானும் நானும் பாறையில் தேடினோம். முட்டைகள் இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டிகள். வடக்கே, மெஷின் எட்டாத இடுக்கில் ஒரே ஒரு பல்லி. பெட்டை. வயிற்றுத்தோல் வழியே இரண்டு முட்டைகள் தெரிந்தன. பூச்சு இல்லாத கல்லில்தான் முட்டை ஒட்டும் என்றார் கண்ணபிரான்.

மறுநாள் சங்கரபாண்டியன் வீட்டுக்கு வந்தார். "உங்கம்மா சாமியோட சேந்துட்டாவ. அவியளுக்கும் அங்கனயே பீடம் போடுதோம். நீ இன்ஜினியருல்லா, பிளான் போட்டுத் தா."

"பாறைக்கு வெள்ளை மட்டும் வேண்டாம் மாமா. அம்மாவுக்கு ஆகாது."

அவருக்குக் கண் கலங்கியது. "சரி மருமவனே. இனிமே சுண்ணாம்பே கிடையாது. மழைக்கும் போகாத பெயிண்டா, ஒரு இடுக்கு விடாம அடிச்சிருவோம்."